நாலு விரல் அகலம்

ஸ்கேன் எடுக்கிற பெண் அடிவயிற்றில் அந்தக் குளிர்ந்த பசையைத் தடவியதும் என் கை தானாக உங்கள் சட்டையைத் தேடிப் போனது. கைக்குக் கிடைத்தது கட்டிலின் இரும்புக் கம்பி. அதையே பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். பதினொரு வருடத்துக்கு முன்னால் வேலூரில் இதே பசை, இதே குளிர், இதே இருட்டறை. அன்றைக்குச் சட்டை நுனியை என் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தீர்கள்.

பயப்படாதீர்கள், எனக்கு ஒன்றுமில்லை. மாதவிலக்கு நின்று ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. போன வாரம் இரண்டு சொட்டு பட்டது. பக்கத்துத் தெரு நர்சம்மாவிடம் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். இந்த வயதில் அப்படி விடக்கூடாது என்று அவர் பிடித்த பிடியில் ஸ்கேனுக்குப் போனேன். அந்தப் பெண் திரையைப் பார்த்துக்கொண்டே, "கர்ப்பப்பை லைனிங் மூணு மில்லிமீட்டர்தாங்க்கா. மெல்லிசா இருக்குது, நல்லது" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எட்டு மில்லிமீட்டராவது வளர வேண்டும் என்று நாம் எத்தனை முறை வேலூர் பஸ் ஏறினோம்! இப்போது மூன்று இருந்தால் நல்லதாம். இந்தக் கூத்தை உங்களிடம் சொல்லிச் சிரிக்கலாம். ஆட்டோக்காரரிடம் சொல்ல முடியுமா? வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்து, யாரிடமும் சொல்லாமல் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

ரிப்போர்ட்டைப் பழைய ஃபைலில் வைக்கலாம் என்று பீரோவின் அடித்தட்டைத் திறந்தேன். ஃபைலுக்கு அடியில் அந்தச் சேலை இருந்தது. வெங்காயத் தோல் நிறத்தில் பச்சைக் கரை போட்ட சேலை. நீங்கள் நெய்து, அறுத்து, மடித்து, நீங்களே உள்ளே வைத்தது. இத்தனை வருடத்தில் ஒரு முறைகூட நான் அதைப் பிரித்ததில்லை. இன்றைக்குப் பிரித்தேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முதலில் உங்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டும். நீங்கள் போய் மூன்று வருடமாகச் சண்டை போட ஆளில்லாமல் நாக்கு தடித்துக் கிடக்கிறது.

அந்த டாக்டரம்மாவை நினைவிருக்கிறதா? புருஷன்மாரையும் உள்ளே கூப்பிட்டுத் திரையைக் காட்டுவார். மற்ற ஆண்களெல்லாம் சுவரில் ஒட்டிய குழந்தைப் படத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நீங்கள் மட்டும் கடையில் துணி பார்க்கிற மாதிரி திரைக்குள் தலையை விட்டீர்கள். என் கர்ப்பப்பையின் உள்சுவர் மூன்று வெள்ளைக் கோடுகளாகத் தெரிந்தது. "கரை மாதிரியே கீது மேடம்" என்றீர்கள். எனக்கு மானம் போயிற்று. அந்த அம்மாவுக்கோ உங்களைப் பிடித்துப்போயிற்று. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட ஆரம்பித்துவிட்டார்.

மாதத்தின் முதல் பாதியில் ஒரு ஹார்மோன் அந்தச் சுவரைத் தடிமனாக வளர்க்கும் என்றார். பிறகு இன்னொரு ஹார்மோன் வரும். அது வளர்ச்சியை நிறுத்திவிட்டுச் சுவரைப் பக்குவப்படுத்தும். சுவருக்குள் இருக்கிற சுரப்பிகளில் சர்க்கரைச் சத்து ஊறும். ரத்தக் குழாய்கள் சுருண்டு சுருண்டு நீளும். சுவரின் மேற்பரப்பு இளகி, கரு வந்தால் பிடித்துக்கொள்கிற மாதிரி மாறும். அப்படி இருப்பது மாதத்தில் நாலைந்து நாள்தான், அதற்கு முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் ஒட்டாது என்றார். "பக்குவம்னா, நூலுல சாயம் ஊறுற மாதிரிங்களா?" என்று கேட்டீர்கள். அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு மூன்று வாரம் தினமும் என் இடுப்பில் இறங்கிய எண்ணெய் ஊசி அந்த இரண்டாவது ஹார்மோன்தான். நர்சம்மா குத்திவிட்டுப் போனதும் அந்த இடம் கல்லு மாதிரி இறுகும். நீங்கள் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பீர்கள். சூடு சரியா, சரியா என்று பத்து முறை கேட்பீர்கள்.

அப்போதுதான் அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். எலிக்கெல்லாம் கரு வந்து தொட்ட பிறகுதான் உள்சுவர் மாறத் தொடங்குமாம். மனுஷிக்கும் இன்னும் ஒரு சில பிராணிக்கும்தான், யாரும் வராவிட்டாலும் மாதா மாதம் தானாகவே எல்லாம் தயாராகிவிடும். வரவில்லை என்றால் கழித்துக் கட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து. பதிமூன்று வயதில் ஆரம்பித்ததை எண்ணிப் பார்த்தேன். முந்நூறுக்கும் மேல் வந்தது. முந்நூறு முறை பாய் விரித்துச் சுருட்டியிருக்கிறது இந்த உடம்பு. இன்றைக்கு அந்தப் பெண் மூன்று மில்லிமீட்டர் என்றபோது, பாவம், இப்போதாவது படுத்துத் தூங்கட்டும் என்று தோன்றியது. அப்புறம் அழுகை வந்தது. அவள் பசையைத் துடைக்கக் காகிதம் கொடுத்தாள். அதிலேயே கண்ணையும் துடைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் வளர்த்த கருவை உள்ளே வைக்கிற நாளுக்கு முந்தின முறை போனபோது நீங்கள் கேட்ட கேள்வி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"எங்க வூட்ல தறி கீதுங்க மேடம். பலகைய இழுத்து அடிச்சா செவுரே அதிரும். அதுல கரு நழுவிடுமா?"

அவர் சிரிக்கவில்லை. "கர்ப்பப்பை காலிப் பானை இல்லைங்க. உள்ளே ரெண்டு சுவரும் ஒட்டிக்கிட்டுதான் இருக்கும். கரு மேல உட்காராது, ரெண்டு மூணு நாள்ல சுவருக்குள்ளேயே புகுந்துக்கும். அதிரச மாவுல எள்ளை வெச்சு அழுத்தின மாதிரி. மாவை உதறிப் பாருங்க, எள்ளு விழுதான்னு. அவங்களே தறியில உட்காரலாம்" என்றார். ஒட்டிய பிறகு சுவரின் செல்கள் ஊதிப் பெருத்துக் கருவைச் சுற்றி அடைத்துக்கொள்ளும், அதுவே சோறும் போடும், வேலியாகவும் நிற்கும் என்றார். சில சமயம் ஒட்டாமலும் போகும், பெரும்பாலும் கருவிலேயே ஏதாவது கோளாறு இருக்கும், அதில் யாருடைய தப்பும் கிடையாது என்பதையும் அன்றைக்கே சொல்லி வைத்தார். பஸ்ஸில் வரும்போது நீங்கள் ஜன்னலைப் பார்த்து, "அதிரசமாமே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தீர்கள்.

வீட்டுக்கு வந்தால் உங்கள் அம்மா. அத்தை அதிரசத்தையும் கேட்கவில்லை, எள்ளையும் கேட்கவில்லை. "டாக்டரம்மா தறி வூட்லயா பொறந்தாங்க?" என்று ஒரே கேள்விதான். வைத்த நாளிலிருந்து பதினாலு நாள் வீட்டுத் தறியில் யாரும் உட்காரக்கூடாது என்று சொல்லிவிட்டார். நீங்கள் எதிர்த்துப் பேசுவீர்கள் என்று பார்த்தேன். பாதிச் சேலையோடு பாவு நூலைத் தளர்த்திவிட்டு, தறிமேல் பழைய வேட்டியைப் போர்த்திவிட்டு வந்தீர்கள். எனக்கு வந்த கோபம்! தெரிந்துகொண்டே ஏன் இப்படி என்று கேட்டேன். "பதினாலு நாள்தானேமே. அம்மா மனசுக்கோசரம்" என்றீர்கள். நாம் செய்த தப்பு அதுதான். அடித்தால் ஒன்றும் ஆகாது என்று தெரிந்துகொண்டே தறியை நிறுத்தினோம். நிறுத்தின பிறகு தொடுவது குற்றமாகிவிட்டது.

பகலெல்லாம் தெரு முழுக்கத் தறிச் சத்தம் கேட்கும், நம் வீடு மட்டும் சாவு வீடு மாதிரி இருக்கும். மல்லாந்து படுத்தபடி விட்டத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். இருமினால் அத்தை ஓடி வருவார். தும்மலை அடக்கச் சொன்ன மாமியார் ஆரணியிலேயே எனக்கு மட்டும்தான் வாய்த்திருப்பார். நீங்கள் வேலையில்லாத கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தீர்கள்.

ஒன்பதாம் நாள் காலையில் ஊசி மருந்து இங்கே கடையில் தீர்ந்துபோனதால் நீங்கள் வேலூருக்குப் போனீர்கள். அத்தை அம்மன் கோவிலுக்குப் போனார். நான் எழுந்து போய் வேட்டியை விலக்கினேன். சும்மா பார்க்கத்தான் போனேன், சத்தியமாக. அப்புறம் தறிக் குழிக்குள் காலை விட்டேன். பாவை இழுத்து மாட்டினேன். ஊடு நூல் சுற்றிய நாடாவை எறிந்தேன், பலகையை இழுத்தேன். முதல் அடி விழுந்ததும் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். இரண்டாவது அடிக்குத் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது அடிக்கு நான் வயிற்றோடு பேச ஆரம்பித்துவிட்டேன். இதுதான் நம்ம வூட்டுச் சத்தம், பயப்படாதே, உங்க அப்பா அடிச்சா இன்னும் பலமா இருக்கும் என்று சொன்னேன். அந்த அரை மணி நேரம் மாதிரி சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னாலும் வரவில்லை, பின்னாலும் வரவில்லை. நான்கு விரல் அகலம் நெய்திருப்பேன். பிறகு பாவைத் தளர்த்தி, வேட்டியைப் போர்த்தி, காலைக் கழுவிக்கொண்டு வந்து படுத்துவிட்டேன்.

பதினாலாம் நாள் ரத்தம் கொடுத்தோம். மத்தியானம் போன் வந்தது. ஒன்றுமில்லை என்றார்கள். நீங்கள் போனை வைத்துவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அத்தை என்னைப் பார்த்தார்.

"தறி கிட்ட போனியா?"

இல்லை என்றேன். என் வாழ்க்கையில் அவரிடம் சொன்ன பொய் அது ஒன்றுதான், மற்றதெல்லாம் சாம்பார் விஷயம். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். பிறகு, "அவள மட்டும் இன்னாத்துக்குக் கேக்கற? என்னையுங் கேளு" என்றீர்கள். மனம் நொந்த பேஜாரில் ஏதோ சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். அத்தையும் அப்படித்தான் நினைத்திருப்பார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையில் நீங்கள் தறிக்குப் போனீர்கள். நான் அடுப்படியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். தறி அத்தனை நாள் நின்றால் நின்ற இடத்தில் சேலையில் குறுக்கே ஒரு கோடு விழும். இழுத்து வைத்த பாவு தளர்ந்து மறுபடி இறுகுவதால் வருகிற கோடு. கடைக்காரர் கண்ணுக்குத் தப்பினாலும் தப்பும், நெய்கிறவர் கண்ணுக்குத் தப்பாது. ஒரு கோடு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கோடும் நடுவில் என் கை நெசவும் இருப்பதை நீங்கள் பார்க்கப் போகிறீர்கள். அடி விழவேயில்லை. பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்த பிறகுதான் முதல் அடி கேட்டது. பார்த்துவிட்டார், இப்போது வந்து கேட்பார் என்று காத்திருந்தேன். நீங்கள் கேட்கவில்லை.

அன்றைக்கும் கேட்கவில்லை, அந்த வருடமும் கேட்கவில்லை. சேலையை முடித்து, கடைக்கும் கொடுக்காமல், அழுக்குப் பட்டுவிட்டது என்று ஏதோ சொல்லிப் பீரோவில் வைத்தீர்கள். இன்னொரு முறை வேலூருக்குப் போகலாமா என்று கேட்டபோது, "வேணாமே, போதும்" என்றீர்கள். ஊசி குத்திக் குத்தி உன் உடம்பு புண்ணானது போதும் என்று காரணமும் சொன்னீர்கள். எனக்கு அந்தக் காரணம் காதில் ஏறவில்லை. இவளை நம்பி இன்னொரு முறை வைக்க முடியாது என்று நினைக்கிறீர்கள் என்றுதான் என் காதில் விழுந்தது. ஒன்பதாம் நாள் நான் பலகையை இழுத்தபோது, ஒட்டுவதும் ஒட்டாததும் எப்போதோ முடிந்திருக்கும். டாக்டரம்மா சொன்ன இரண்டு மூன்று நாள் கணக்கு எனக்கும் தெரியும். ஆனால் கணக்கு தெரிந்து என்ன செய்வது? தட்டில் சோறு போடும்போதெல்லாம் உங்கள் முகத்தைப் பார்ப்பேன். என்மேல் பழி வைத்திருக்கிறாரா, இல்லையா? எட்டு வருடம் பார்த்தேன். அப்புறம் ஒரு நாள் காலையில் நாஷ்டா சாப்பிட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தக் கேள்வி மட்டும் என்னோடு நின்றுவிட்டது.

அத்தை இப்போது செய்யாரில் உங்கள் தம்பி வீட்டில் இருக்கிறார். போன் செய்தால் சாப்பிட்டாயா என்று கேட்பார். தறி என்னிடம்தான் இருக்கிறது, நன்றாகவே ஓடுகிறது. வேலை குறைவில்லை. வேலை முடிந்து பலகையை விட்டதும் வருகிற நேரம்தான் குறையாமல் கிடக்கிறது. டிவியை சத்தமாக வைத்துவிட்டு வேறு அறையில் உட்கார்ந்துகொள்வேன். யாரோ பேசுகிற மாதிரி இருக்கும்.

சரி, சேலைக்கு வருகிறேன். இன்றைக்குச் சாயங்காலம் அதைக் கட்டில்மேல் விரித்தேன். சேலையில் பாதி நீளம் தாண்டியதும் முதல் கோடு வந்தது. நீங்கள் தறியை நிறுத்தின இடம். அதற்கு அடுத்து நான்கு விரல் அகலம் என் நெசவு. இளக்கமாக இருந்தது. என் கை எப்போதும் கொஞ்சம் இளக்கம் என்று நீங்கள் கிண்டல் செய்வீர்களே, அது. அதற்கு அப்பால் இரண்டாவது கோடு. அதோடு முடிய வேண்டும். அங்கிருந்து கடைசி வரை உங்கள் நெசவு ஒரே சீராக ஓட வேண்டும்.

ஓடவில்லை. இரண்டாவது கோட்டுக்கு அப்பால் கொஞ்ச தூரத்தில் மூன்றாவதாக ஒரு கோடு இருந்தது. விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். இரண்டாவது கோட்டுக்கும் மூன்றாவது கோட்டுக்கும் நடுவில் நூலுக்கு நூல் நெருக்கி அடித்த ஒரு பட்டை இருந்தது. அந்த அடி வீட்டில் ஒருவர் கைக்குத்தான் உண்டு. எனக்குப் பிறகு நீங்கள் நெய்திருக்கிறீர்கள். கொஞ்சம் நெய்துவிட்டுத் தறியை மறுபடி நிறுத்தியிருக்கிறீர்கள். அந்தப் பதினாலு நாளுக்குள்தான், அதற்குப் பிறகு சேலை முடிகிற வரை தறி ஒரு நாளும் நிற்கவில்லையே.

எப்போது என்று யோசித்தேன். பதினொன்றாம் நாள் நர்சம்மாவுக்குக் கால் வலி. ஊசி போட அத்தை என்னை ஆட்டோவில் அவர் வீட்டுக்குக் கூட்டிப்போனார். வேகத்தடை வரும்போதெல்லாம் ஆட்டோக்காரரைத் திட்டிக்கொண்டு, ஐந்து நிமிட தூரத்தை அரை மணி நேரமாக்கினார். திரும்பி வந்தபோது நீங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தீர்கள். கழுத்தெல்லாம் வியர்வை. கேட்டதற்கு, தறிக்கு எண்ணெய் போட்டேன் என்றீர்கள். நிற்கிற தறிக்கு எதற்கய்யா எண்ணெய் என்று எனக்கு அன்றைக்கே தோன்றியிருக்க வேண்டாமா?

ஆக, ரிசல்ட் வருவதற்கு மூன்று நாள் முன்னாலேயே என் பட்டையைப் பார்த்துவிட்டீர்கள். பார்த்துவிட்டு, பக்கத்திலேயே நீங்களும் ஒரு பட்டை நெய்து வைத்தீர்கள். நல்லது நடந்தால் பேச்சே இல்லை. நடக்காவிட்டால், பெண்டாட்டி ஒருத்தி மட்டும் தறியைத் தொட்டாள் என்று இருக்கக்கூடாது. அன்றைக்குத் தூணைப் பிடித்துக்கொண்டு என்னையும் கேளு என்றது அதனால்தான். அடப் பாவி மனுஷா! இதை வாயைத் திறந்து சொன்னால் என்ன? கேட்டால் நான் வருத்தப்படுவேன் என்று நீங்களும், கேட்கப் போகிறார் என்று நானும் எட்டு வருடம் ஒரே பாயில் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தோமே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்கள் தலையிலேயே நான்கு குட்டு வைத்திருப்பேன். அப்புறம் மடியில் படுத்து அழுதிருப்பேன். இரண்டுக்கும் இப்போது ஆளில்லை.

என் பட்டைமேல் நான்கு விரலை வைத்துப் பார்த்தேன். அளவாக இருந்தது. உங்கள் பட்டைமேல் வைத்தேன். நான்கு விரலுக்கு அப்பாலும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஏன் கூட்டி நெய்தீர்கள் என்று ஒரு நிமிடம் புரியவில்லை. அப்புறம்தான் புரிந்தது. நான் என் விரலால் அளக்கிறேன், நீங்கள் உங்கள் விரலால் அளந்திருக்கிறீர்கள். உங்கள் விரல் தடிமன்.

நாளைக்கு இந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு நர்சம்மா வீட்டுக்குப் போய் ரிப்போர்ட்டைக் காட்டப் போகிறேன். நன்றாக இருக்கிறதே, எங்கே எடுத்தாய் என்று கேட்பார். நாங்கள் இரண்டு பேரும் நெய்தது என்று சொல்வேன். கொசுவம் வைக்கும்போது அந்த இரண்டு பட்டையும் வயிற்றுக்கு நேராக வருகிறது. இப்போதே கட்டிப் பார்த்துவிட்டேன். உங்கள் பட்டைமேல் கையை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். என் விரலுக்கு அப்பால் அந்த மிச்சம் அப்படியே இருக்கிறது.

என்னையும் கேளு என்றீர்கள். கேட்கிறேன். தறி கிட்ட போனீங்களா?